அகமதாபாத்தின் போள்களும் அவற்றைப் பேணிய முறையும்

வந்து குடியேறிய ஊரின் வரலாற்றை அறிந்திருத்தல் குடியேறியோர்க்கு அழகு. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுள் ஆலைகளுக்கு வந்தோர் சிலர். இரயில்வேக்கு வந்தோர் சிலர். வணிகத்திற்கும் அரசுப் பணிக்கும் வந்தோர் வேறு சிலர். தலைமுறைகள் கடந்தும் இங்கேயே வேரூன்றியோர் பலர். ஆயினும், காளுப்பூர் இரயில் நிலையத்திற்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் உள்ள பழைய நகருக்குள் நம்மில் எத்தனை பேர் காலார நடந்து பார்த்திருக்கிறோம்? மாணிக் சௌக்கில் நகை வாங்கவும், தீபாவளிக்குத் துணி எடுக்கவும் போகிறோம்; கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறோம். அக்கடைத்தெருக்களின் பின்னால் பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்துவரும் குடியிருப்புகள் உள்ளன. அவற்றிற்குப் போள் என்று பெயர். அவற்றைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறோம்.

நாம் வரலாற்று அறிஞர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிந்து வருகிறோம். பணி முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போள்களில் நடந்து கண்டவற்றையும், படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் தொகுத்துத் தருகிறோம். இதனை எழுதத் தூண்டியது நம் குடியிருப்பில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. அதனை இறுதியில் கூறுவோம்.

போள் என்பது யாது?

அகமதாபாத் நகரை 1411-ஆம் ஆண்டில் முதலாம் அகமது ஷா சாபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் நிறுவினார். பெரிய பள்ளிவாசலாகிய ஜும்மா மசூதி 1424-இல் கட்டி முடிக்கப்பெற்றது. பின்னர் மகமூது பேகடா, 1487-ஆம் ஆண்டை ஒட்டி, நகரைச் சுற்றி 12 வாயில்களோடு மதில் எழுப்பினார். அம்மதிலுக்குள் குடியேறிய வணிகரும் நெசவாளரும் கைவினைஞரும் தத்தம் இனத்தாரோடு சேர்ந்து வாழத் தலைப்பட்டனர். அங்ஙனம் தோன்றியவையே போள்கள்.

போள் என்னும் குஜராத்திச் சொல், வாயில் எனப் பொருள்படும் பிரதோலி என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பர். நம் மொழிக்கு உரிய ளகரம் குஜராத்தியிலும் உண்டு. ஆதலின் நாம் போள் என்றே எழுதலாம். ஒரே தலைவாயில், அதனுள் வளைந்து செல்லும் குறுகிய தெரு, அதிலிருந்து கிளைக்கும் சந்துகள், இருபுறமும் ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள். இதுவே போளின் பொதுவான அமைப்பு. பல போள்களின் வாயிலுக்கு மேல் காவலன் தங்கச் சிறு அறை இருக்கும். இரவில் கதவைச் சாத்திவிடுவர்.

1572-இல் அக்பர் குஜராத்தை வென்றார். மொகலாயர் ஆட்சி தளர்ந்த பதினெட்டாம் நூற்றாண்டில், அவர்க்கும் மராட்டியர்க்கும் இடையே நிகழ்ந்த போர்களால் நகரம் பெருந்துன்பம் உற்றது. அரசு காவாத காலத்தில் மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. போளின் வாயில்கள் வலுவடைந்ததும், ஒரு போளிலிருந்து மற்றொன்றுக்குத் தப்பிச் செல்லும் மறைவழிகள் அமைந்ததும் இத்தகைய அச்சத்தினால் என்பர்.

ஒட்டிய சுவரும் முற்றத்துத் தொட்டியும்

போள் வீட்டின் உள்ளே சென்றால் நமக்கு ஊர் நினைவு வந்துவிடும். வாயிலில் ஓட்லோ எனப்படும் திண்ணை. உள்ளே சௌக் எனப்படும் திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றி அறைகள். தேக்குமரச் சட்டங்களை இடையிடையே கொடுத்துச் செங்கல் சுவரை எழுப்பியிருப்பர். நில அதிர்ச்சியில் இம்மரச் சட்டங்கள் நெகிழ்ந்து கொடுக்கும். 2001-ஆம் ஆண்டு சனவரி 26 அன்று நேர்ந்த பூகம்பத்தில், இந்நகரின் புதிய பகுதிகளில் பல மாடிக் கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததை நம்மவர் மறந்திரார். அன்று மரச்சட்டம் பொருந்திய பழைய வீடுகள் பல தாங்கி நின்றன.

முற்றத்தின் அடியில் இருப்பது டாங்கா எனப்படும் நிலத்தடித் தொட்டி. ஆங்கிலத்தில் தொட்டியைக் குறிக்கும் டாங்க் என்ற சொல்லே இதிலிருந்து பிறந்தது என அகராதியாளர் சிலர் கூறுவர். நகரின் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாயிருந்தமையால், குடிப்பதற்கு மழைநீரையே சேமித்தனர். கோடையின் இறுதியில் கூரையைக் கழுவித் துப்புரவு செய்வர். முதல் மழையை வெளியே விட்டுவிடுவர். பின்வரும் மழையே குழாய் வழியாகத் தொட்டிக்குள் இறங்கும். சுண்ணச்சாந்து பூசிய சுவர். வெயில் புகாத இருள். மேலே சிறிய வாயும் அதற்கோர் மூடியும். இவ்வளவே அதன் நுட்பம். ஓராண்டின் குடிநீர் இவ்வாறு கெடாமல் இருக்கும்.

இவற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. போளில் இரு வீடுகளுக்கு இடையே பெரும்பாலும் ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டான் கூரையைச் செப்பனிடாவிடில் நம் சுவர் ஊறும். அவன் வீடு சரிந்தால் நம் வீடும் ஆட்டங்காணும். ஆகவே அயலான் வீட்டைப் பற்றிய அக்கறை அங்கே கட்டடத்திலேயே கலந்துவிட்டது.

பஞ்சும் பொது நிதியும்

போளின் காரியங்களைப் பஞ்ச் என்னும் பெரியோர் குழு நடத்தியது. போளின் முதல்வர்களைச் சேட் என்று அழைத்தனர். ஒவ்வொரு போளுக்கும் பொது நிதி ஒன்று இருந்தது. வீடு விற்றால் விலையில் ஒரு பங்கு அந்நிதிக்குச் சேரும். திருமணம் நடந்தால் அவ்வீட்டார் காணிக்கை செலுத்துவர். போளின் கட்டுப்பாட்டை மீறியவர் தண்டம் கட்டுவர். இப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு வாயிற்கதவைப் பழுதுபார்த்தனர். காவலனுக்கு ஊதியம் கொடுத்தனர். பொதுக் கிணற்றைப் பேணினர். சில நாள்களில் போள் முழுவதும் ஒரே பந்தியில் உண்டது. சாவு நேர்ந்தால் வீட்டுக்கொருவர் செல்வது கடமையாயிற்று.

பறவைகளுக்கும் போளில் இடம் இருந்தது. சபூத்ரோ என்னும் மரத்தூணின் உச்சியில் அமைந்த சிறு மண்டபத்தில் புறாக்களுக்கும் கிளிகளுக்கும் தானியம் இடுவர். அதனைப் பழுதுபார்ப்பதும் பொதுச் செலவே.

இவ்வளவும் போற்றத்தக்கன. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. போளில் வீட்டை அயலார்க்கு விற்கவோ அடகு வைக்கவோ பண்டைநாளில் போளாரின் இசைவு வேண்டும். பெரும்பாலும் ஒரு போள் ஒரு சாதியாருக்கோ, ஒரு சமயத்தாருக்கோ, ஒரு தொழிலாருக்கோ உரியதாயிருந்தது. இரவில் கள்வரைத் தடுத்த அதே கதவு பகலில் பிறரையும் தடுத்தது. தெற்கிலிருந்து மூட்டையோடு வந்து இறங்கிய நம் பாட்டனார்க்கு அங்கே குடியிருக்க ஓர் அறை கிடைத்திருக்குமா என்பது ஐயமே. உள்ளே இருந்தவர்க்கு அரணாகவும், வெளியே நின்றவர்க்குத் தடையாகவும் போள் விளங்கிற்று என்பதே நேரிய வரலாறு.

கடமை கைமாறிய கதை

1818-ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயர் ஆட்சி இங்கு நிலைபெற்றது. காவல் அரசின் பொறுப்பாயிற்று. வாயிலைச் சாத்த வேண்டிய தேவை குறைந்தது. வீட்டை விற்பது உடையவன் உரிமை என்று ஆனபின், போளாரின் இசைவு வலுவிழந்தது. 1861-இல் ரண்சோட்லால் சோட்டாலாலின் நூற்பாலை இயங்கத் தொடங்கியது. 1864-இல் பம்பாயோடு இருப்புப்பாதை இணைந்தது. ஆலைகள் பெருகின, மக்கள் பெருகினர், குறுகிய சந்துகளில் கழிவுநீர் தேங்கியது, நோய்கள் மலிந்தன.

அந்த ரண்சோட்லாலே 1885-இல் நகராட்சித் தலைவரானார். குழாய்நீரும் நிலத்தடிச் சாக்கடையும் வேண்டும் என்று அவர் முயன்றபோது, நகரமாந்தர் பலர் கடுமையாக எதிர்த்தனர். வரி கூடும் என்று அஞ்சினர், புதுமையை ஐயுற்றனர். அவர் தளரவில்லை. 1890களின் தொடக்கத்தில் குழாய்நீர் வந்தது. சாக்கடைப் பணியும் தொடங்கியது. 1924 முதல் 1928 வரை வல்லபபாய் படேல் நகராட்சித் தலைவராயிருந்தார். அக்காலத்தை ஒட்டி மதில்களை இடிக்கத் தொடங்கினர். ஆற்றுக்கு அப்பால் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் தோன்றின. வசதியுடையோர் எல்லிஸ் பாலத்தைக் கடந்து, காற்றும் வெளிச்சமும் மிக்க வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

இம்மாறுதல்களுள் ஒன்றையும் நாம் பழிக்கவில்லை. குழாய்நீர் வந்ததால் பிழைத்த உயிர்கள் பல. விரும்பியவர்க்கு வீட்டை விற்கும் உரிமையும் நன்றே. ஆனால், ஒவ்வொரு கடமையும் போளாரின் கையிலிருந்து வெளியே சென்றபோது, அதனோடு ஒரு பழக்கமும் சென்றது. முன்னர் ஓடு உடைந்தால் போளார் கூடினர்; பின்னர் விண்ணப்பம் எழுதினர். தொட்டிகள் பயனற்றுக் கிடந்தன. வாடகைச் சட்டத்தால் மிகக் குறைந்த வாடகையே பெற்ற உடைமையாளர் பலர் வீட்டைப் பழுதுபார்க்கவில்லை. குடியிருந்தவரோ, வீடு தமதன்று என்று இருந்துவிட்டனர். பல வீடுகள் பண்டகசாலைகளாயின. பலவற்றில் பூட்டுத் தொங்கியது.

இன்றைய நிலை

1996-இல் மாநகராட்சி மரபுச் சின்னங்களைப் பேணுதற்கென ஒரு தனிப்பிரிவைத் தொடங்கியது. 1997 நவம்பர் 19 முதல், காளுப்பூர் சுவாமி நாராயணன் கோயிலிலிருந்து ஜும்மா மசூதி வரை போள்களினூடே காலை நடைப்பயணம் நடைபெறலாயிற்று. கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த லம்பேசுவர் போளில் அவர் வீட்டின் முகப்பையும் திண்ணையையும் நிறுத்தி, அங்கே அவர் அமர்ந்திருப்பது போன்ற சிலையை வைத்துள்ளனர். 2017 சூலை 8 அன்று யுனெஸ்கோ நிறுவனம் இப்பழைய நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இந்தியாவில் ஒரு நகரம் இச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று நாம் பிள்ளைகளோடு ஒரு போளுக்குச் சென்றிருந்தோம். திண்ணையில் இருந்த முதியவர் ஒருவர் எம்மை உள்ளே அழைத்து, முற்றத்துத் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். நீர் இருளில் மின்னியது. பின்னர் ஏணியைச் சாத்தி, பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி, நீர்த்தாரையில் அடைத்திருந்த இலைகளை அள்ளி எறிந்தார். "காகா, அது தங்கள் வீடன்றே?" என்று வினவினோம். "வீடு அவர்களுடையது, சுவர் எங்கள் இருவருடையது" என்றார். அவ்வீட்டார் உத்தராயணத்தன்று பட்டம் விட மட்டும் வருவார்களாம். அன்று அவர்கள் வந்து நிற்பதற்கு ஒரு மாடி இருக்க வேண்டுமல்லவா என்று சொல்லிச் சிரித்தார்.

நம் குடியிருப்பும் நாமும்

இப்பொழுது முன்னர்ச் சொன்ன நிகழ்ச்சிக்கு வருவோம். அதற்கு முந்தைய கோடையில் நம் கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டியின் மூடி உடைந்தது. விண்ணப்பம் எழுதினோம். நினைவூட்டுக் கடிதமும் எழுதினோம்; எழுத்தர் அல்லவா, அதில் நமக்குக் குறைவில்லை. மறுமொழிக்குக் காத்திருந்த வாரங்களில் தொட்டிக்குள் புறா விழுந்து இறந்து கிடந்ததை எவரும் அறியவில்லை. குழந்தைகள் சிலர் வயிற்றுப்போக்கால் துன்புற்றனர். ஒரு சிறுமி பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தாள். ஒரு மூடியின் விலை அக்கட்டடத்தின் குடும்பங்களுக்குள் பகிர்ந்தால், ஆளுக்கு ஒரு வேளைக் காய்கறிச் செலவுகூட ஆகாது. ஒருவரும் முன்வரவில்லை. நாமும் முன்வரவில்லை. "மாற்றலாகிப் போகப்போகும் வீடுதானே" என்ற எண்ணம் எல்லார் உள்ளத்திலும் இருந்தது.

அம்முதியவர் தொட்டியின் மூடியைத் திறந்து மீண்டும் கவனமாக மூடியபொழுது, நாம் தலை நிமிர்ந்து நிற்க இயலவில்லை.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். விழாவுக்கும் மலருக்கும் நிதி திரட்டும் நாம், குடியிருப்பைப் பேணவும் ஒரு தனி நிதி வைப்போம். வீட்டில் திருமணமோ பதவி உயர்வோ வாய்த்தால் அந்நிதிக்கு ஒரு சிறு காணிக்கை. மாற்றலாகிச் செல்வோரும் ஓய்வு பெறுவோரும் இயன்றதைக் கொடுத்துச் செல்லுதல். மாதத்தில் ஒரு ஞாயிறு தொட்டி, படிக்கட்டு, சாக்கடை ஆகியவற்றை எல்லாரும் கூடிப் பார்வையிடுதல். விண்ணப்பம் எழுதுவதை நிறுத்த வேண்டுவதில்லை. உரிமையைக் கேட்பதும் கடமையே. மறுமொழி வரும்வரை மூடியின்றிக் கிடக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

இன்னொன்றும் கூறி முடிப்போம். நம் கட்டடங்களில் குஜராத்தியரும், மராத்தியரும், வடநாட்டவரும் நம்மோடு சுவர் பகிர்ந்து வாழ்கின்றனர். போளாரிடமிருந்து பொது நிதியைக் கற்போம். சாத்திய கதவை அங்கேயே விட்டுவிடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அயல்வீட்டாரையும் அழைப்போம். ஊர் கூடித் தேர் இழுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மாற்றலாகி நமக்குப் பின் இவ்வீடுகளில் குடியேறப்போகிறவர் யாரோ அறியோம். அவர் குழந்தை குடிக்கப்போகும் நீர் நம் பொறுப்பில் உள்ளது.

வாழ்க நம் சங்கம்! ஓங்குக ஒற்றுமை!