மாறிய கோப்பைக் காட்டிக் கொடுக்கும் பதிவேடு

இன்றைய பேச்சு கணினியைப் பற்றியது. 'நமக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்' என்று யாரும் வானொலியை மூடிவிட வேண்டாம். கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முழுக் கதையும் எழுபத்தைந்து காசில்தான் தொடங்குகிறது.

1986ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிபோர்ட் ஸ்டோல் என்ற வானியல் அறிஞர் வேலை செய்து வந்தார். நட்சத்திர ஆராய்ச்சிக்கான பணம் தீர்ந்துவிட்டதால் அவரைக் கணினிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே கணினியை யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு வகையில் கணக்கு எழுதப்பட்டு வந்தது. அந்த இரண்டு கணக்கும் 75 சென்ட் வித்தியாசத்தில் ஒத்துப் போகவில்லை. இது எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கும்படி ஸ்டோலிடம் சொன்னார்கள். வேறொருவராக இருந்தால் தம் பையிலிருந்து அந்தக் காசைப் போட்டுக் கணக்கை முடித்திருப்பார். இவர் தேடினார். பல மாதம் தேடினார். கடைசியில் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்திலிருந்து ஒருவன் தொலைபேசிக் கம்பி வழியாக அமெரிக்கக் கணினிகளுக்குள் நுழைந்து, இராணுவச் செய்திகளைத் தேடி எடுத்து, சோவியத் உளவுத்துறைக்கு விற்று வந்தது தெரிந்தது. 1990இல் அங்குள்ள நீதிமன்றம் அவனையும் அவனுடைய கூட்டாளிகளையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

அவன் உள்ளே வந்து என்ன செய்தான் என்பதுதான் நமக்கு இன்று வேண்டிய செய்தி. ஒவ்வொரு கணினியிலும் ஆயிரக்கணக்கான கோப்புகள் உண்டு. சில கோப்புகளில் கடிதமும் கணக்கும் இருக்கும். வேறு சில கோப்புகள் கணினிக்கு வேலை சொல்லும் கட்டளைகள். இவற்றை நிரல்கள் என்கிறோம். பெர்க்லி கணினியில் ஒரு நிரல் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தானாகவே ஓடும். அதற்கு எல்லா அதிகாரமும் உண்டு. திருடன் அந்த நிரலை எடுத்துவிட்டு, அதே பெயரில் தான் எழுதிய நிரலை வைத்தான். ஐந்து நிமிடம் காத்திருந்தான். கணினி அவனுடைய நிரலைத் தன்னுடையது என்று நம்பி ஓட்டியது. முழு அதிகாரமும் அவன் கைக்கு வந்தது. உடனே பழைய நிரலைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்துவிட்டான்! காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதைதான். ஸ்டோல் 1989இல் எழுதிய புத்தகத்துக்கும் குயில் முட்டை என்றே பெயர் வைத்தார்.

ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் என்ன காணவில்லை என்று பார்க்கிறோம். கணினியில் புகுந்தவன் பெரும்பாலும் எதையும் தூக்கிக் கொண்டு போவதில்லை. எதையாவது மாற்றிவிட்டுப் போகிறான். ஆயிரம் ஆயிரம் கோப்புகளில் அவன் கை வைத்தது எது? கோப்பின் பெயர் அதேதான். நீளத்தையும் அவன் பழையபடியே அமைத்துவிடலாம். தேதியையும் மாற்றி எழுதிவிடலாம். அந்தக் காலத்துக் கணினிப் பொறுப்பாளர்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இதுதான். விடை தெரியாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கோப்பில் உள்ள எண்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத் தொகையை எழுதி வைத்துக் கொள்ளும் வழக்கம் அப்போதும் இருந்தது. ஆனால் அது போதவில்லை. ஏன் என்று பால்மரம் சீவியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாளியிலுள்ள பாலில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் நிறுவை சரியாகத்தான் இருக்கும். நிறுவையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம் என்றுதானே ஸ்டோரில் பாலின் கெட்டித் தன்மையையும் சோதித்தார்கள்! அதே போல, கெட்டிக்காரத் திருடர்கள் கோப்பை மாற்றிய பிறகு, கூட்டுத் தொகை பழையபடியே வரும் அளவுக்கு வேண்டாத எழுத்துகளைச் சேர்த்து ஈடு கட்டிவிட்டார்கள்.

இந்த நேரத்தில் 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் எழுதிய ஒரு நிரல், கணினிக்குக் கணினி தானாகவே பரவி, ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியது என்று அன்று மதிப்பிட்டார்கள். அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஸ்பாபோர்ட். அவரும் அவருடைய மாணவர் ஜீன் கிம் என்பவரும் சேர்ந்து ஒரு காவல் நிரலை எழுதினார்கள். டிரிப்வயர் என்று அதற்குப் பெயர். இருட்டில் வருகிறவனின் காலில் இடறும்படி தரையோடு கட்டி வைக்கும் கம்பி என்று பொருள். அந்த நவம்பர் 2ஆம் தேதிக்குச் சரியாக நான்கு ஆண்டு கழித்து, 1992 நவம்பர் 2ஆம் தேதி அதைச் சோதனைக்காக வெளியிட்டார்கள். விலை ஏதும் கேட்கவில்லை.

இந்த நிரல் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். கணினி புதிதாக, சுத்தமாக இருக்கும்போதே ஒவ்வொரு முக்கியக் கோப்புக்கும் ஒரு கைரேகை எடுத்துப் பதிவேட்டில் எழுதிவிடும். கைரேகை என்பது இங்கே ஒரு கணக்கு. கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதைப் பல சுற்று கலக்கிக் குழப்பிக் கடைசியில் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள எழுத்துக் கோவையாகத் தந்துவிடும். அப்போது புகழ்பெற்ற முறை ஒன்று ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற அறிஞர் அமைத்த எம்டி5. அது தருவது 32 எழுத்து. நூறு பக்கப் புத்தகத்தில் ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டாலும் அந்த 32 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். தண்ணீர் ஊற்றி ஈடு கட்டும் வேலை இதில் எளிதில் நடக்காது. இதோடு கோப்பின் உரிமையாளர் யார், யார் யார் அதைத் தொடலாம், கடைசியாக எப்போது மாறியது என்பவற்றையும் பதிவேடு குறித்துக் கொள்ளும். பிறகு நாள்தோறும் அதே கைரேகையைத் திரும்ப எடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். காலையில் பிரட்டுக் களத்தில் செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவது போலத்தான். வராதவர் யார், புதிதாக வந்து நிற்பவர் யார், வேறொருவர் பெயருக்குக் குரல் கொடுப்பவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

செக்ரோலே திருடன் கையில் சிக்கிவிட்டால்? கிம்மும் ஸ்பாபோர்டும் இதையும் யோசித்திருந்தார்கள். பதிவேட்டை, படிக்க மட்டும் முடிந்த, எழுத முடியாத வட்டில் வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். என்னைக் கேட்டால், அவர்களுடைய வேலையில் கைரேகைக் கணக்கைவிட இந்த ஏற்பாடே பெரிது. கணக்கு மற்றவர்கள் ஏற்கனவே கண்டுபிடித்தது.

அதே காலத்தில், 1991இல், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்பதை எழுதத் தொடங்கினார். கணினியின் உறுப்புகளையெல்லாம் வேலை வாங்கும் அடிப்படை நிரல் அது. இன்று நம் பிள்ளைகள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் ஓடுவதும் அதுதான். அதை மற்ற நிரல்களோடு சேர்த்துக் கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம் என்று கொடுக்கும் தொண்டர் அமைப்புகளில் ஒன்று டெபியன். 1993இல் தொடங்கியது. டிரிப்வயரோ 1997இல் ஒரு நிறுவனமாகி வியாபாரப் பொருளாயிற்று. லினக்சுக்கான பதிப்பு ஒன்றை அவர்கள் 2000ஆம் ஆண்டில் மீண்டும் பொதுவில் விட்டார்கள் என்றாலும், அதற்குள் 1999இலேயே பின்லாந்தைச் சேர்ந்த ராமி லெஹ்தி, பாப்லோ விரோலைனன் என்ற இருவர் அதே வேலையைச் செய்யும் இலவச நிரலை எழுதிவிட்டார்கள். அதன் பெயர் எய்ட்.

இனி 2003 நவம்பருக்கு வருவோம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள்.

முதலாவது, லினக்ஸின் மூலப் பிரதியிலேயே கை வைக்கப் பார்த்தது. மூலப் பிரதி ஓரிடத்திலும் அதன் நகல் வேறோரிடத்திலும் இருந்தன. யாரோ ஒருவர் நகல் இருந்த கணினிக்குள் புகுந்து இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டார். பார்த்தால், 'இவர் தலைமைப் பொறுப்பாளரா' என்று கேட்கும் சாதாரண வரி போலத் தோன்றும். நிரல் மொழியில் இப்படிக் கேட்பதற்கு இரண்டு சமக்குறி போட வேண்டும். அங்கே ஒன்றுதான் இருந்தது. ஒற்றைச் சமக்குறி போட்டால் 'இவரைத் தலைமைப் பொறுப்பாளர் ஆக்கு' என்று பொருளாகிவிடும்! மனிதக் கண்ணுக்கு இது தட்டுப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் மூலத்தையும் நகலையும் தானாக ஒப்பிடும் சோதனை ஒன்று இருந்தது. இரண்டும் ஒத்துப் போகவில்லை என்று அது காட்டிக் கொடுத்துவிட்டது. மூலப் பிரதிக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை.

இரண்டாவது சம்பவம் டெபியனில் நடந்தது. அதன் முக்கியக் கணினிகளில் நான்கின் பெயர் கிளெக்கர், மாஸ்டர், மர்பி, கிளக். நவம்பர் 19ஆம் தேதி, களவாடப்பட்ட ஒரு கடவுச்சொல்லோடு ஒருவன் கிளெக்கருக்குள் வந்தான். அந்தக் கடவுச்சொல்லுக்குச் சாதாரண உரிமைதான் உண்டு. லினக்ஸில் அப்போது வெளியில் தெரியாமல் இருந்த ஓர் ஓட்டை வழியாக அவன் முழு அதிகாரத்தைப் பிடித்தான். அங்கிருந்து மாஸ்டருக்குப் போனான். மர்பிக்குள் நுழையப் பார்த்தபோது கதவு திறக்கவில்லை. அது சிலரை மட்டுமே அனுமதிக்கும் கணினி. ஆனால் மாஸ்டரில், நகல் எடுத்து வைக்கும் வேலைக்கென்று ஒரு பொறுப்பாளர் கணக்கு இருந்தது. அதன் வழியாக மர்பிக்குள் போய்விட்டான். மறுநாள் கிளக். நான்கு கணினியிலும் தன்னை மறைத்துக் கொள்ளும் நிரலை நிறுவினான்.

20ஆம் தேதி மாலை, மாஸ்டர் கணினி ஏதேதோ பிழைச் செய்திகளைக் காட்டியது. நெடுநாளாகத் தொல்லை தராத கணினி. ஏதோ உறுப்பு கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிப் பழுது பார்க்க எடுத்து வைக்க இருந்தார்கள். அந்த நேரத்தில் மர்பியிலும் அதே பிழை வந்தது. இரண்டு கணினிக்கு ஒரே நாளில் ஒரே நோய் வருமா என்று சந்தேகம் தட்டியது. கிளெக்கர், மர்பி, கிளக் ஆகிய மூன்றிலும் எய்ட் நிறுவப்பட்டிருந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் அதன் எச்சரிக்கையும் வந்தது. கணினியைத் திறந்ததும் முதன்முதலில் ஓடும் இனிட் என்ற நிரல் மாற்றப்பட்டிருக்கிறது. ஒரு மொழிக் கோப்புறையின் தேதியும் மாறியிருக்கிறது என்று சொன்னது. குயில் முட்டை எந்தக் கூட்டில் இருக்கிறது என்று விரலால் சுட்டிக் காட்டிவிட்டது. எய்ட் இல்லாத மாஸ்டரில் அதே திருடன் 'பழுது' என்ற பெயரில் தப்பிக்கப் பார்த்தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதில் எத்தனை பேரின் நலம் அடங்கியிருந்தது தெரியுமா? உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் டெபியனிடமிருந்துதான் தங்கள் நிரல்களை வாங்கிக் கொள்கின்றன. ஆற்றின் தலைமடையில் நஞ்சு கலந்தால் கடைமடை வரைக்கும் போகும். எனவே எல்லாத் தொண்டர்களின் கடவுச்சொல்லையும் உடனே செல்லாததாக்கினார்கள். நிரல்களின் களஞ்சியத்தை வேறு நம்பிக்கையான பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதில் கை வைக்கப்படவில்லை என்று உறுதி செய்தார்கள். நடந்ததை மறைக்காமல் நாள், நேரத்தோடு எழுதி வெளியிட்டார்கள். திருடன் நுழைந்த ஓட்டையையும் கண்டுபிடித்து டிசம்பர் 1ஆம் தேதி உலகுக்கு அறிவித்தார்கள். இந்தச் சம்பவம் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவது அதனால்தான்.

தொழிற்கல்லூரிகளில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் நாளை இப்படிப்பட்ட கணினிகளுக்குப் பொறுப்பாளர்களாகப் போவார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். டெபியனில் எய்ட் நிரலை நிறுவ ஒரே கட்டளை போதும். அடுத்த கட்டளை பதிவேட்டை எழுதும். எழுதியதைச் சரிபார்த்து, இதுதான் இனி ஆதாரம் என்று உரிய இடத்தில் வைத்து, அதன் பிரதி ஒன்றை வேறு கணினியிலோ வட்டிலோ பூட்டி வைக்க வேண்டும். நேரம் முக்கியம். கணினியை இணையத்தோடு இணைப்பதற்கு முன்பே பதிவேடு எழுதப்பட்டுவிட வேண்டும். திருடன் உள்ளே வந்த பிறகு எழுதினால், அவனையும் வீட்டு ஆள் என்று அது பதிந்துகொள்ளும்.

இதில் உள்ள தொல்லையையும் மறைக்கக் கூடாது. கணினியில் கோப்புகள் நல்ல காரணத்தாலும் மாறும். புதிய பதிப்பு போட்டால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் மாறலாம். அத்தனைக்கும் எய்ட் அறிக்கை அனுப்பும். தினமும் நீண்ட அறிக்கை வந்தால் பொறுப்பாளர் ஒரு வாரம் படிப்பார்; மறு வாரம் படிக்கமாட்டார். ஓயாமல் குரைக்கும் நாயை யார் எழுந்து பார்க்கிறார்கள்? எந்தக் கோப்பைக் காவல் காக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முதலிலேயே பொறுக்கி எடுப்பதில்தான் வேலை தெரிந்தவரின் திறமை இருக்கிறது. இன்னொன்று, கணினியின் அடிப்படை நிரலே திருடன் வசமாகிவிட்டால், சோதனை நிரலிடமும் அது பொய் சொல்லும். அப்போது வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான வட்டைப் போட்டுக் கணினியைத் திறந்து சோதிக்க வேண்டும்.

கைரேகை முறைகளுக்கும் வயதாயிற்று. 2004இல் வாங் சியாவோயுன் என்ற சீனப் பெண் அறிஞரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், ஒரே எம்டி5 கைரேகை உள்ள வேறுபட்ட இரண்டு செய்திகளை உண்டாக்கிக் காட்டினார்கள். ஆகவே இன்று 64 எழுத்துத் தரும் ஷா-256 போன்ற வலுவான முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். கடன் அட்டைக் கணக்கைக் கையாளும் கணினிகளில் இத்தகைய கோப்புக் காவல் இருக்க வேண்டும் என்பது 2004 டிசம்பரில் வெளிவந்த அட்டைப் பாதுகாப்பு விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆண்ட்ராய்டிலும் 2013 முதல் இதே தத்துவம் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் திறக்கும்போதே தம் அடிப்படைக் கோப்புகளின் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. ஒத்துப் போகவில்லை என்றால் திரையில் எச்சரிக்கை வரும், அல்லது கைப்பேசி திறக்க மறுத்துவிடும்.