ஆயா பார்த்த ஏரோப்பிளேன்

டிஸ்கி: இது இரண்டாம் உலகப் போர் பற்றிய பதிவு. நடுவுல எங்க ஆயா வந்துட்டே இருப்பாங்க. கண்டுக்காதீங்க :-)

எங்க ஆயாவுக்கு வயசு எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ. ஆதார் கார்டுல 01-01-1944 என்று போட்டிருக்கும். அப்போ முகாம்ல உட்கார்ந்திருந்த பையன் "ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க பாட்டி" என்று கேட்க, இவங்களும் குத்துமதிப்பா சொல்லிட்டாங்க. ஆனா வாயைத் திறந்தா "குண்டுக்கு பயந்து ஓடியாந்தப்போ எனக்கு அஞ்சு வயசு" என்பாங்க. இந்தக் கணக்கை நாங்க யாரும் சீரியஸா எடுத்துக்கிட்டதில்லை.

இன்னொன்னும் சொல்வாங்க. "புழல் ஏரில ஏரோப்பிளேன் எறங்கும்டா. நான் பாத்துக்கீறேன். வயிறு பெருத்த ப்ளேன். நம்ம கூரை மேலதான் போவும்."

இஞ்சினியரிங் படிக்கிற காலத்துல நான் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். "ஏரில எறங்கினா முழுகிடாதா ஆயா? ரன்வே எங்க?" அவங்களும் ஒரு முறை முறைச்சுட்டு வெத்தலையை மடிக்கப் போயிடுவாங்க.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி, டெப்ளாய்மெண்ட் முடியறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தப்போ, சும்மா பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்குவாட்ரன் பட்டியலை மேய்ந்துகொண்டிருந்தேன். (எனக்கு இந்த வியாதி உண்டு. தூக்கம் வரலைன்னா போர் வரலாறு.) 240-வது ஸ்குவாட்ரன். விமானம்: கேட்டலினா, அதாவது பறக்கும் படகு. தளம்: 1942 ஜூலை முதல், ரெட்ஹில்ஸ் லேக்.

ரெட்ஹில்ஸ் லேக். செங்குன்றம். நம்ம புழல் ஏரி!

திருவேற்காட்டுல எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்து நேர்க்கோட்டுல ஒரு பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆயா சொன்னது அத்தனையும் நிஜம். கேட்டலினாவின் அடிப்பாகம் படகு மாதிரி புடைச்சிருக்கும், வயிறு பெருத்த ப்ளேனேதான். இறக்கை மட்டும் 104 அடி. மேலே இரண்டு எஞ்சின், ஒவ்வொண்ணும் 1200 குதிரைத்திறன். எட்டு ஒன்பது பேர் உள்ளே. தண்ணியில ஓடி எழும்பி, தண்ணியிலேயே இறங்கும். ரன்வே எங்கன்னு கேட்ட அறிவாளிக்கு 3300 மில்லியன் கன அடி ரன்வே இருந்திருக்கு.

அன்னைக்கு ராத்திரி ஆயாவை எழுப்பி மன்னிப்பு கேட்கலாம்னு தோணிச்சு. எழுப்பலை. திட்டு விழும்.

ஆனா அதுக்கப்புறம் அவங்க சொன்ன மத்த விஷயங்களையும் நம்பி, தேதி போட்டுப் பார்க்க ஆரம்பிச்சேன். "குண்டு" என்றால் எந்தக் குண்டு?

சென்னை மேல உலகப் போர்ல குண்டு விழுந்தது இரண்டு தடவை. முதலாவது 1914 செப்டம்பர் 22, எம்டன் கப்பல். துறைமுகத்து எண்ணெய் டாங்குகளை ராத்திரியில சுட்டுக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் கப்பல். "அவன் பெரிய எம்டன்டா" என்று நாம இன்னிக்கும் சொல்ற அளவுக்கு பேர் வாங்கிட்டான். அப்போ ஆயாவோட அம்மாவே பிறந்திருக்க மாட்டாங்க. இரண்டாவது 1943 அக்டோபர் 11. ஒத்தை ஜப்பான் விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுட்டுப் போச்சு. சேதம் சொற்பம். அந்த மாசம் சென்னையில பெரிய வெள்ளம் வேற.

இந்த வெள்ளம்தான் எனக்குக் கிடைச்ச க்ளூ. ஏன்னா ஆயாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கறது கூவம். ராயபுரத்துல இருந்து ஜட்கா வண்டியில பூந்தமல்லி ரோடு வரைக்கும் வந்து, அங்கேர்ந்து மாட்டு வண்டி. வண்டி கூவத்து மணல்ல சிக்கிக்க, எல்லாரும் இறங்கி நடந்திருக்காங்க. "காலு பொசுங்கிப் போச்சுடா கண்ணு. எங்கம்மா இடுப்புல தம்பி. நான் நடந்தேன்." அக்டோபர் வெள்ளத்துல கூவத்துல மணல் ஏது? கால் சுடுற மணல்னா கோடை. அப்போ அது 1942 ஏப்ரல். சென்னை மேல குண்டே விழாத வருஷம்.

அந்த ஏப்ரலை நாள் வாரியா பார்த்தா தலை சுத்துது.

பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 ரங்கூன். மார்ச் 23 அந்தமான். சிங்கப்பூரும் ரங்கூனும் நம்மூர் ஆட்கள் பிழைக்கப் போன இடங்கள். பர்மாவுல இருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள், அதுல தமிழர்களும் ஏராளம், காட்டு வழியா நடந்தே வந்துகிட்டிருந்தாங்க. மார்ச் 26, செலிபஸ் தீவிலிருந்து அட்மிரல் நகுமோவின் கப்பற்படை மேற்கே கிளம்பிச்சு. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு என்று ஐந்து விமானந்தாங்கிகள். பேர்ல் ஹார்பரை அடிச்ச ஆறுல ஒண்ணு குறைவு, அவ்வளவுதான்.

ஏப்ரல் 4. இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பின ஒரு கேட்டலினா, தெற்கே நடுக்கடல்ல இந்தக் கப்பற்படையைப் பார்த்துடுது. ஓட்டினவர் கனடாக்காரர், லெனார்ட் பர்ச்சால். ரேடியோவுல செய்தி போய்க்கிட்டு இருக்கும்போதே ஜீரோ விமானங்கள் சுட்டு வீழ்த்திட்டாங்க. போர் முடியும் வரை கைதி. பிற்பாடு அவருக்கு "இலங்கையைக் காத்தவர்" என்று பேர் வந்தது.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையிலேயே கொழும்பு மேல நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள். செய்தி வந்த பிறகும் தாக்குதல் வந்த நேரத்துல அங்கே பாதிப் பேர் தயாரா இல்லை. துறைமுகத்துல இருந்த கப்பல்களில் பெரும்பாலானவற்றை முந்தின நாளே வெளியே அனுப்பியிருந்ததால சேதம் குறைஞ்சது. ஆனா அன்னிக்கு மத்தியானம் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்களை நடுக்கடல்ல பிடிச்சு மூழ்கடிச்சாங்க. 424 பேர் செத்துப் போனாங்க.

ஏப்ரல் 6. இது நம்ம பக்கம். அட்மிரல் ஓசவாவின் இன்னொரு படை வங்காள விரிகுடாவுக்குள்ள புகுந்து சரக்குக் கப்பல்களை வரிசையா அடிச்சுது. இருபதுக்கு மேல மூழ்கினது. விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்தது. அப்போ இரண்டுமே சென்னை மாகாணம்! அதே நாள் பர்மாக் கரையில அக்யாப் பக்கம் இந்தியக் கடற்படையின் 'இண்டஸ்' கப்பலையும் விமானத் தாக்குதலில் மூழ்கடித்தார்கள்.

அந்த வாரம்தான் சென்னைக்குப் பித்துப் பிடிச்சது. அபாயச் சங்கு ஊதினாங்க. ஜப்பான்காரன் மெரினாவுலயே இறங்கப் போறான் என்ற பேச்சு. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம், அவசியம் இல்லாதவங்க ஊரை விட்டுப் போறது நல்லதுன்னு சொல்லி, தன்னுடைய அலுவலகங்களையே உள்நாட்டுக்கு மூட்டை கட்டிச்சு. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போச்சு. சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்குல இருந்த மிருகக்காட்சி சாலையில, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன ஆகிறதுன்னு, சிங்கம் புலி மாதிரியான மிருகங்களைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஜப்பானுக்குப் பயந்து மெட்ராஸ்ல முதல்ல செத்தது கூண்டுக்குள்ள இருந்த சிங்கம்தான் போல.

1941 கணக்கெடுப்புல சென்னை ஜனத்தொகை சுமார் 7 லட்சத்து 77 ஆயிரம். தெருத்தெருவா காலியாச்சு. ஜட்காக்காரன் கேட்டதுதான் வாடகை. சொந்த ஊர்னு ஒண்ணு இருந்தவன் எல்லாம் அதைத் தேடி ஓடினான். ஆயாவோட அம்மாவுக்கு அது திருவேற்காடு. அப்போ இங்கே கோயிலும் வயலும் கூவமும்தான். நைனா (ஆயாவோட அப்பா) ஹார்பர்ல வேலை. அவர் வரலை, வர முடியாது. பொண்டாட்டி பிள்ளைங்களை வண்டி ஏத்திவிட்டுட்டு அங்கேயே நின்னுட்டார். குண்டு விழும்னு ஊர் முழுக்கச் சொன்ன அதே ஹார்பர்ல.

ஏப்ரல் 9. நகுமோ திருகோணமலையை அடிச்சார். கொஞ்ச நேரத்துல மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மாட்டிச்சு. அதுல சண்டை விமானமே இல்லை. 307 பேர் செத்தாங்க. அதே நாள் ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் நகுமோவின் கப்பல்கள் மேலயே போய் குண்டு போட்டன. ஒண்ணும் படலை.

அத்தோட சரி. நகுமோ கப்பலைத் திருப்பிட்டார். கிழக்கே மலாக்கா நீரிணை வழியா வீட்டுக்கு. இந்தியாவுல படை இறக்கும் திட்டமே அந்தப் பயணத்துல கிடையாது. பிரிட்டிஷ் கப்பல்களை அடிச்சு, பர்மாவுக்குப் போற கடல் வழியைப் பத்திரப்படுத்திட்டுத் திரும்பறதுதான் வேலை. ரெண்டே மாசத்துல, ஜூன் மாதம் மிட்வேயில், கொழும்பை அடிச்ச ஐந்துல மூணு கப்பல் கடலுக்கு அடியில போயிடுச்சு.

இங்கேதான் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வருது. சர்வர் சரியாகி அரை மணி நேரம் ஆகியிருக்கும், டாஷ்போர்டு மட்டும் இன்னும் சிவப்பாவே காட்டும். பழைய தகவலைப் பார்த்துட்டு நாங்க எல்லாத்தையும் நிறுத்தி, இருக்கறதையும் உடைச்சு வைப்போம். சென்னைக்கும் அதே கதி. கப்பற்படை திரும்பிப் போன பிறகும் இங்கே வண்டி கட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. நடுக்கடல்ல நடந்தது தெரியணும்னா அங்கே யாராவது பறந்து போய்ப் பார்த்துட்டு வரணும். பர்ச்சால் மாதிரி.

புழல் ஏரிக்கு ஜூலைல கேட்டலினாக்கள் வந்தது இந்தப் பார்க்கிற வேலைக்குத்தான். புழலிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1350 கிலோமீட்டர். கேட்டலினா மணிக்கு 200 கிலோமீட்டர் போனாலே அதிகம். போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம், நடுவுல சுத்திப் பார்க்கறது தனி. பின்பக்கம் இரண்டு கண்ணாடிக் கூண்டு, அதுல ஆள் உட்கார்ந்து தண்ணியையே வெறிச்சுப் பார்த்துட்டு வரணும். நீர்மூழ்கி தேடுறது, கப்பல் கூட்டத்துக்குக் காவல், கடல்ல விழுந்தவங்களைத் தூக்கறது, வானிலை பார்க்கறது. 1944 மார்ச்சுல 628 என்று ஒரு ஸ்குவாட்ரனை புழலிலேயே ஆரம்பிச்சாங்க. ராத்திரியில எதிரி பிடிச்ச கரைக்கு ஒற்றர்களைக் கொண்டுபோய் விடுற மாதிரி ரகசிய வேலைகள் அதுக்கு. அந்த வருஷம் அக்டோபர்ல கலைச்சுட்டாங்க.

ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தினசரிப் பதிவேடு வெச்சிருக்கணும். படிவம் 540, படிவம் 541. எந்த விமானம், யார் யார் போனாங்க, என்ன வேலை, கிளம்பின நேரம், இறங்கின நேரம், பார்த்தது என்ன. இந்த ஏடுகள் இன்னிக்கும் லண்டன்ல கியூ ஆவணக் காப்பகத்துல இருக்கு. நம்ம ஆவடியும் அதே போர்லதான் ராணுவ ஊர் ஆச்சு. சோழவரத்துல அப்போ போட்ட ஓடுதளத்துலதான் பிற்பாடு கார் ரேஸ் விட்டாங்க. புழல்ல மட்டும் ஒண்ணும் மிச்சமில்லை. தண்ணிக்கு ஏது அடையாளம்!

இத்தனையும் சேர்த்து வெச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை ஆயாகிட்ட போனேன். முதல்ல லேப்டாப்புல கேட்டலினா படத்தைக் காட்டினேன்.

"இதான்டா! இதேதான்!" கண்ணாடியைத் துடைச்சுட்டுத் துடைச்சுட்டுப் பார்த்தாங்க. "உங்க தாத்தா சாவுற வரைக்கும் நம்பலை."

அந்த உற்சாகத்துல நான் மீதியையும் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். கொழும்பு, விசாகப்பட்டினம், திருகோணமலை, தேதி தேதியா. 1942-ல சென்னை மேல குண்டே விழலை ஆயா, நீ சொல்ற குண்டு அடுத்த வருஷம் விழுந்தது, ரெண்டையும் கலந்துட்டே.

ஆயா கொஞ்ச நேரம் பேசலை. நான் மறந்தே போயிருந்தேன். அந்தத் தம்பி, கூவத்து மணல்ல அம்மா இடுப்புல வந்த கைக்குழந்தை, இங்கே வந்த அந்த வெயில்லயே வயித்துப்போக்குல செத்துட்டான். நைனாவுக்கு ஆள் அனுப்பி அவர் வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களாம். ஆயாவோட அம்மா கடைசி வரைக்கும் "பிள்ளையைக் குண்டுக்குக் குடுத்தேன்" என்றுதான் சொல்வாங்களாம். நாங்க அதைக் குண்டு விழுந்து செத்ததா நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

"அந்தக் கப்பலுங்க என்னிக்குத் திரும்பிப் போச்சுன்னு சொன்னே?"

"ஏப்ரல் ஒன்பது ஆயா. அன்னிக்கே திரும்பிட்டாங்க."

"நாங்க வந்து ரெண்டு நாள்ல சித்திரை பொறந்துச்சு. வேப்பம்பூ கொட்டிக் கெடந்துச்சு இந்த வாசல்ல."

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். சித்திரபானு வருஷப் பிறப்பு, ஏப்ரல் 13 வாக்குல. அப்படின்னா இவங்க வண்டி கட்டினது 11. நான் வாயைத் திறக்கலை. ஆனா ஆயாவுக்குக் கணக்கு என்னைவிட வேகம். விரலை மடக்கி, நிமிர்த்தி, திரும்ப மடக்கினாங்க.

"எங்கம்மாவுக்கு இது தெரியாது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காது ஆயா. யாருக்குமே தெரியாது அப்போ."

"சரி. அந்த ப்ளேனை இன்னொரு வாட்டி காட்டு."

காட்டினேன்.