ஓடு எறிந்த ஊரின் கிழங்குத் தட்டு

போறணை உள்ள வீடுகளில் இப்போது நோன்பு காலத்தில் கிராட்டின் இல்லாமல் போவதில்லை. உருளைக்கிழங்கு வில்லைகள், பால், மேலே சீஸ். சிலர் கோழி இறைச்சியும் வைக்கிறோம். பிரெஞ்சுக்காரர் இதை 'கிராத்தான்' என்பார்கள். சுரண்டுவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். பாத்திரத்தில் ஒட்டி முறுகியதைச் சுரண்டி எடுப்பதுதான் முதலில் கிராத்தான். சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டித் தின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கிழங்குக் கிராத்தானுக்குப் பெயர் போன இடம் டொஃபினே. தென்கிழக்குப் பிரான்சின் மலை மாகாணம்.

வகுப்பில் நாம் பிரெஞ்சுப் புரட்சியை 1789 ஜூலை 14, பஸ்தில் சிறையிலிருந்து தொடங்குகிறோம். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே டொஃபினேயின் கிரெனோபிள் நகரம் கொதித்துவிட்டது. மாகாண நீதிமன்றங்களின் அதிகாரத்தை 16ஆம் லூயியின் அமைச்சர்கள் பறித்தார்கள். நீதிபதிகளை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். நீதிமன்றம் போனால் அதை நம்பியிருந்த நகரத்தின் பிழைப்பும் போகும். 1788 ஜூன் 7, சனிக்கிழமை, சந்தை நாள். சந்தைப் பெண்களும் தொழிலாளரும் நீதிபதிகள் போகாதபடி மறித்தார்கள். படை வந்ததும் கூரைகளில் ஏறி ஓடுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். வரலாற்றில் அதற்கு 'ஓடுகளின் நாள்' என்றே பெயர். படைக்குப் பொறுப்பான கிளேர்மோன்-தொன்னேர் பிரபுவின் மாளிகைக்குள்ளும் சனம் புகுந்தது. அவர் இறங்கிப்போக வேண்டியதாயிற்று.

ஐந்து கிழமை கழித்து, ஜூலை 12இல், அதே பிரபு காப் நகரின் அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார். சிறு குருவி இறைச்சியோடு பரிமாறப்பட்டது 'கிராத்தான் தொஃபினுவா'. அந்தப் பெயரின் முதல் எழுத்துப் பதிவாக இந்த விருந்தையே காட்டுகிறார்கள். கிழங்கு மனிதர் உண்ணத் தக்கது என்று பாரிஸ் மருத்துவ பீடம் ஏற்றதே 1772இல்தான். பதினாறு வருடத்தில் அது பிரபுவின் மேசைக்கு வந்துவிட்டது.

அன்றுதான் இந்த உணவு பிறந்தது என்று சமையல் பக்கங்களில் எழுதுவதை நாம் ஏற்கத் தேவையில்லை. பாலும் கிழங்கும் உள்ள மலைநாட்டில் அதற்கு முன் ஒருவரும் இரண்டையும் சேர்த்து வேகவைக்கவில்லையா? பிரபு சாப்பிட்டார், திகதி எழுதப்பட்டது. சமைத்தவர் யாரென்று யாரும் எழுதவில்லை. ஓடு எறிந்த பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் பிரெஞ்சு மொழியில் 'கிராத்தான்' என்பது மேல்தட்டு மனிதர்களையும் குறிக்கத் தொடங்கியது. சுரண்டித் தின்றவர்களின் சொல்லும் மேலே போய்விட்டது!

பழைய முறைக் கிராத்தானில் சீஸ் கிடையாது. நமக்கு அது செலவு மிச்சம். பாத்திரத்தில் உள்ளியைத் தேய்த்து, மெல்லிய வில்லைகளை அடுக்கி, உப்பு, மிளகு, பால், கிரீம் சேர்த்தால் போதும். வெட்டிய வில்லைகளைக் கழுவ வேண்டாம். மாச்சத்து போய்விட்டால் பால் இறுகாது. குறைந்த சூட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வையுங்கள். வெலிமடைக் கிழங்கு நன்றாகவே வரும்.