குரோட்டன்ஸ்

பூவுக்காக இல்லாமல் இலையின் நிறத்துக்காக வளர்க்கப்படும் புதர்ச்செடி. ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் கோடியேயம் வேரிகேட்டம். தாயகம் இந்தோனேசியத் தீவுகள் தொடங்கி வட ஆஸ்திரேலியா, மேற்குப் பசிபிக் தீவுகள் வரை.

பெயரில் ஒரு பிசகு உண்டு. தாவரவியல்படி இது குரோட்டனே அல்ல. குரோட்டன் பேரினத்தில் உண்மையாகவே சேர்ந்தவற்றில் நாம் அறிந்தவை சித்த மருத்துவர் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளமும், சாலையோரங்களில் தானாக முளைத்துக் கிடக்கும் ரயில் பூண்டும். அந்தக் களையை யாரும் குரோட்டன்ஸ் என்று கூப்பிடுவதில்லை.

இச்செடியை முதலில் விரிவாக எழுதிவைத்தவர் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக அம்பொன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியுஸ். 1670இல் பார்வையை இழந்த பிறகும் பிறரைக் கொண்டு எழுதவைத்து நூலை முடித்தார். 1702இல் அவர் இறந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்தே அது ஆம்ஸ்டர்டாமில் அச்சேறத் தொடங்கியது. மொலுக்காஸ் தீவு மக்கள் வழங்கிய பெயரையொட்டி அவர் இட்டதே கோடியேயம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைக் குரோட்டன் பேரினத்தில் சேர்த்துவிட்டார். கிரேக்கத்தில் குரோட்டன் என்றால் உண்ணி. அந்தப் பேரினத்து விதைகளின் தோற்றத்தால் வந்த பெயர். 1824இல் தாவரவியலாளர் ஜுஸ்ஸியு இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். ஏட்டில் திருத்தம் ஏறியது, தோட்டக்காரர் வாயில் ஏறவில்லை.

1860களில் ஜான் கூல்ட் வீச் என்ற ஆங்கிலேய நாற்றங்கால்காரர் பசிபிக் தீவுகளிலிருந்து பல வகைகளைக் கொண்டுபோன பின் ஐரோப்பாவில் இதற்கு மோகம் பிடித்தது. கண்ணாடி வீடு கட்டி, நிலக்கரி எரித்து, குளிரில் இலை உதிராமல் காத்தார்கள். நம் ஊரிலோ வாசற்படியோரம் வைத்துவிட்டு மறந்துபோகிற செடி. தமிழகத்தில் அயல்நாட்டுச் செடிகளைப் பழக்கப்படுத்தியதில் 1826இல் தொடங்கிய புதுச்சேரித் தாவரவியல் பூங்காவுக்கும், 1835இல் அமைந்த சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்துக்கும் பெரும் பங்குண்டு. ஆங்கிலப் பன்மை தமிழில் ஒருமையாகி ‘ஒரு குரோட்டன்ஸ்’ என்பது நிலைத்தது. பூக்காத அழகுச்செடி எதையும் அப்படியே சொல்லிவிடுகிறோம். உள்ளபடி குரோட்டன்ஸ் பூக்கும். மெல்லிய காம்பில் வெள்ளையாய்ச் சின்னஞ்சிறு ஆண்பூக்கள் தொங்கும், பெண்பூக்கள் வேறு காம்பில். இலைப் பகட்டில் அவை எடுபடுவதில்லை.

செஞ்சி போன்ற பாறை சூழ்ந்த ஊரில் வளர்ப்பதற்கு இடம் பார்ப்பதுதான் பாதி வேலை. அங்குள்ள ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விடாது. சித்திரை உச்சி வெயிலில் இலை ஓரம் கருகும். அதற்குப் பயந்து அடர்ந்த வேப்பமரத்தடியில் வைத்தால் சிவப்பும் மஞ்சளும் மங்கி வெறும் பச்சையாகிவிடும். காலை வெயில் விழும் கிழக்குப் பக்கம் தோது. செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கோடையில் சிலந்திப்பேனும் மாவுப்பூச்சியும் வரும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினால் பெருமளவு போய்விடும்.

விதையில் முளைப்பது தாயைப் போல இருக்காது. ஆகவே போத்து நடுவார்கள், அல்லது விண்பதியம் போடுவார்கள். பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழவென்றிருப்பதைச் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி மூடிக்கொள்ளும். கசியும் சாறு சிலருக்கு அரிப்பைத் தரும். நனைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவை அதன்மேல் பொதித்து, பாலித்தீன் தாளால் இருபுறமும் இறுகக் கட்டவேண்டும். சில வாரங்களில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரியும். கட்டுக்குக் கீழே வெட்டி எடுத்து நிழலில் நட்டுத் தேற்றலாம்.

சில சமயம் ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் கிளம்பும். பலர் அதை நோய் என்று வெட்டி எறிகிறார்கள். பதியம் போட்டு எடுத்தால் அது புது வகை. இன்றுள்ள நூற்றுக்கணக்கான வகைகளில் பல இப்படி ஒற்றைக் கிளையாகத் தொடங்கியவை.