குராசோ தீவில் நடந்த சதுரங்கச் சூது

சதுரங்கத்தில் பகடை இல்லை. மறைத்து வைக்கும் சீட்டும் இல்லை. காய்கள் அத்தனையும் இருவர் கண்ணெதிரே நிற்கின்றன. ஆதலின் சூது நுழைய வழியற்ற ஆட்டம் இதுவே என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஓர் ஆட்டத்தில் நுழைய முடியாத சூது, பல ஆட்டங்கள் சேர்ந்த போட்டியில் நுழைந்துவிடும் என்பதை 1962-ஆம் ஆண்டு உலகம் கண்டது.

அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில், கரிபியன் கடலிலுள்ள குராசோ தீவில், உலக வாகையர் போத்வின்னிக்கை எதிர்த்து ஆடத் தக்கவரைத் தெரிந்தெடுக்கும் போட்டி நிகழ்ந்தது. ஆடியவர் எண்மர், அவருள் ஐவர் சோவியத் நாட்டினர். ஒவ்வொருவரும் மற்ற எழுவருடன் நான்கு முறை ஆடவேண்டும். அந்த வெப்பத்தில் 28 சுற்றுகள்! முன்னாள் வாகையர் தால் நோயுற்று, 21 ஆட்டங்களோடு விலக நேர்ந்தது.

பெட்ரோசியான், கெரஸ், கெல்லர் ஆகிய மூவரும் தமக்குள் ஆடியவை 12 ஆட்டங்கள். பன்னிரண்டும் சமன்! சராசரியாக 19 நகர்த்தல்களில் அவை முடிந்தன. பிறர் மணிக்கணக்கில் மூளையைக் கசக்க, இம்மூவரும் ஆளுக்கு எட்டு நாள் இளைப்பாறினர். சமன் செய்துகொள்வதோ விதிக்கு மாறானதன்று. நடுவர் எதைப் பிடிப்பார்?

முடிவில் பெட்ரோசியான் 17½ புள்ளி பெற்றார். மற்ற இருவரும் தலா 17. அமெரிக்கரான பாபி பிஷருக்குக் கிடைத்தவை 14. பத்தொன்பது வயது இளைஞரான அவர், ரஷ்யர்கள் கூடிப் பேசி ஆடினர் என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். நியாயமாகச் சொன்னால், முதலிரு சுற்றுகளிலும் தோற்ற பிஷர் தம் பின்னடைவுக்குத் தாமும் ஒரு காரணமே. ஆயினும் குற்றச்சாட்டு பொய்யன்று. சோவியத் குழுவுடன் சென்றிருந்த அவர்பாக் அந்த உடன்பாட்டைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

உலகச் சதுரங்க சம்மேளனம் எவரையும் தண்டிக்கவில்லை. போட்டியின் அமைப்பையே மாற்றிற்று. 1965 முதல், இருவர் இருவராக மோதித் தோற்றவர் விலகும் முறை வந்தது. எதிரில் இருப்பவரை வென்றாலன்றி மேலே செல்ல இயலாதபோது, மூன்றாமவருக்காக ஆடுபவர் யார்? அம்முறையில்தான் 1971-இல் பிஷர் பெட்ரோசியானை 6½–2½ என்று வென்றார். மறு ஆண்டே உலக வாகை சூடினார்.

எல்லோரும் எல்லோருடனும் ஆடும் பழைய முறை 2013-இல் திரும்பியபோது, ஒரு பூட்டும் உடன் வந்தது. ஒரே நாட்டினர், போட்டியின் ஒவ்வொரு பாதியிலும் தொடக்கச் சுற்றுகளிலேயே தமக்குள் ஆடி முடித்துவிட வேண்டும். கடைசி நாள்களில் முந்தி நிற்கும் தன் நாட்டவருக்குப் புள்ளியை விட்டுக்கொடுக்கும் வாய்ப்பு இதனால் அடைபட்டது. 2024 ஏப்ரலில் டொரான்டோ நகரில், நம் சென்னைப் பிள்ளைகளான குகேஷும் பிரக்ஞானந்தாவும் இரண்டாம் சுற்றிலேயே எதிரெதிர் அமர்ந்தது அதனால்தான். 'நம்மவரையே முதலில் மோதவிட்டார்களே' என்று குறைபட்டோர் இருக்கலாம். அன்று அவர்கள் சமன் செய்துகொள்ளவில்லை, குகேஷ் வென்றார்.