கம்ப்யூட்டருக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர்!

இன்லேண்ட் லெட்டர் எழுதி, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? இருந்தால், 1960 வாக்கில் ஓர் இன்ஜினீயர் கம்ப்யூட்டரோடு எப்படிக் குடித்தனம் நடத்தினார் என்பது சுலபமாகப் புரிந்துவிடும். கேட்க வேண்டியதை எல்லாம் அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்த வேண்டும். அந்த அட்டைக் கட்டை கம்ப்யூட்டர் அறை ஜன்னலில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். மறுநாள் பதில் வரும். என்ன பதில்? 'பதினேழாவது அட்டையில் ஒரு கமா விட்டுப்போச்சு!' அவ்வளவுதான். திரும்பவும் லெட்டர்... திரும்பவும் ஜன்னல்...

இந்தத் தபால் போக்குவரத்தில் அலுத்துப்போனவர்களில் ஒருவர் ஐவன் சதர்லேண்ட். அமெரிக்காவின் எம்.ஐ.டி.-யில் பிஎச்.டி. மாணவர். வயது 24. அவருக்கு வழிகாட்டி யார் தெரியுமா? தகவலைக் கணக்குப் போட்டு அளக்க முடியும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த கிளாட் ஷானன்! சதர்லேண்டுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் அடித்தது. எம்.ஐ.டி.-யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் டிஎக்ஸ்-2 என்கிற கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் ராட்சசன். ஆனால், அதற்கு ஒரு குட்டித் திரையும், அந்தத் திரையைத் தொட்டுக்காட்ட ஒரு 'லைட் பென்'னும் உண்டு. ஜன்னலில் அட்டை கொடுக்க வேண்டாம். நேராகப் போய் எதிரே உட்காரலாம்!

உட்கார்ந்தார். 1963 ஜனவரியில் 'ஸ்கெட்ச்பேட்' பிறந்தது.

இன்று பாலமோ, பைக்கோ, பாட்டில் மூடியோ எதை டிசைன் செய்தாலும், அந்த சாஃப்ட்வேருக்கு ஸ்கெட்ச்பேட்தான் கொள்ளுத்தாத்தா. பேனாவைத் திரையில் வைத்து இழுத்தால் கோடு ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே வரும். கோணல்மாணலாகக் கிறுக்கிவிட்டு, 'இந்த ரெண்டு கோடும் இணையா இருக்கணும், இந்த மூணும் சமமா இருக்கணும்' என்று பட்டன் மூலமாகச் சொன்னால் போதும்... படம் தானே நெளிந்து, வளைந்து ஒழுங்காகிவிடும். ஒரு உருவத்தை வரைந்து நூறு நகல் எடுக்கலாம்; மூலத்தில் ஒரு திருத்தம் செய்தால் நூறிலும் அது நடந்துவிடும்! 'இதையெல்லாம் ஒரே ஆளாக எப்படிச் செய்தீர்கள்?' என்று பிற்காலத்தில் ஆலன் கே என்கிற விஞ்ஞானி கேட்டாராம். அது கஷ்டமான வேலை என்று தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றாராம் சதர்லேண்ட். (தெரிந்திருந்தால் நாம் இன்னும் டி-ஸ்கொயரும் கையுமாக நின்றிருப்போமோ என்னவோ!)

விஷயம் அதுவல்ல. தன் ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆரம்பத்திலேயே அவர் ஒரு புகார் வைக்கிறார். இதுவரை நாம் கம்ப்யூட்டரோடு கலந்து பேசவில்லை, வெறும் கடுதாசிதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் டைப் அடிக்கும் வாக்கியங்களாக மாற்ற வேண்டியிருப்பதுதான் முட்டுக்கட்டை என்பது அவருடைய வாதம். ஆக, வாக்கியங்களைத் தூக்கிக் கடாசிவிட்டுக் கோடுகளாலேயே பேசுவோம் என்று கிளம்பினார்.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். அறுபது வருஷம் கழித்து, டிசைன் சாஃப்ட்வேரின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் முளைத்திருக்கிறது. அதில் இன்ஜினீயர் என்ன செய்கிறார்? வாக்கியம் டைப் அடிக்கிறார்! 'ஒரு எல் வடிவ பிராக்கெட் வேணும், நாலு போல்ட் ஓட்டையோடு.' போன மச்சான் திரும்பி வந்தான் பூ மணத்தோடு!

மச்சான் நடுவில் எங்கே போயிருந்தான்? அதுதான் சுவாரஸ்யமான கதை.

அதே எம்.ஐ.டி.-யில் 1966-ல் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்கிற புரோகிராமை வெளியிட்டார். 'மனசு சரியில்லை' என்று நீங்கள் டைப் செய்தால், 'ஏன் மனசு சரியில்லை என்று நினைக்கிறீர்கள்?' என்கிற ரீதியில் உங்கள் வார்த்தையையே உங்களிடம் திருப்பிப் போடும் தந்திரம். உள்ளே சரக்கு கிடையாது. ஆனாலும் வைசன்பாமின் செக்ரட்டரியே அதனோடு பேச உட்கார்ந்ததும், 'கொஞ்சம் வெளியே இருங்களேன்' என்று அவரை அனுப்பிவிட்டாராம்!

இந்தப் பேச்சையும் அந்தக் கோட்டையும் சேர்த்தால் என்ன? அந்த ஆசை வந்தது நிக்கோலஸ் நெக்ரோபான்டேவுக்கு. ஆர்க்கிடெக்ட். அறுபதுகளின் கடைசியில், லியான் கிராய்சர் என்கிற சகாவோடு சேர்ந்து, ஐ.பி.எம். உதவியுடன் 'அர்பன்-5' என்று ஒன்றைக் கட்டினார். பத்தடிக்குப் பத்தடிப் பெட்டிகளை லைட் பென்னால் திரையில் அடுக்கிக் கட்டடம் எழுப்பலாம். கூடவே கீபோர்டில் இங்கிலீஷில் பேசலாம். நீங்கள் முன்பு கேட்டதற்கும் இப்போது அடுக்குவதற்கும் முரண்பாடு வந்தால், மெஷின் அதைச் சுட்டிக்காட்டும். டிசைன் செய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லும் மெஷின்... இன்றைய 'அசிஸ்டென்ட்' சமாசாரத்தின் முன்னோடிகளில் ஒன்று இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஜெயித்ததா? இல்லை. அர்பன்-5-ன் போதாமைகளை நெக்ரோபான்டேயே 1970-ல் எழுதிய புத்தகத்தில் பிட்டுப் பிட்டு வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, தான் பெற்ற பிள்ளைக்குத் தானே ஃபெயில் மார்க் போடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஆனால், மனிதர் விடவில்லை. 1980-ல் அவருடைய குழுவில் இருந்த ரிச்சர்ட் போல்ட், சுவர் அளவு திரைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்தவர் விரலை நீட்டி, 'அதை... அங்கே வை' என்றால், திரையில் அந்த உருவம் நகர்ந்து அங்கே போகும்! வெறும் வார்த்தை போதாது, சுட்டிக்காட்டவும் வேண்டும் என்பதை அந்தக் குழு அப்போதே புரிந்துகொண்டுவிட்டது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள். வெளியே, சாமானிய டிராஃப்ட்ஸ்மேனுக்கு வாழ்வு வந்தது 1982-ல். ஆட்டோடெஸ்க் என்கிற புது கம்பெனி 'ஆட்டோகேட்'டை லாஸ் வேகாஸ் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. 'ஆட்டோடெஸ்க்' என்பது உண்மையில் ஆபீஸ் வேலைகளுக்காக அவர்கள் திட்டமிட்ட வேறொரு சாஃப்ட்வேரின் பெயர். அது கரை சேரவில்லை. உபரியாக வைத்திருந்த ஆட்டோகேட் கரை சேர்ந்து, ஊரையே வாங்கியது!

ஆட்டோகேட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், திரையின் அடியில் ஒரு 'கமாண்ட்' வரி உண்டு. 'லைன்' என்று டைப் செய்தால் அது கேட்கும்: எங்கிருந்து? சொல்வீர்கள். எதுவரைக்கும்? சொல்வீர்கள். இதுவும் உரையாடல்தானே! என்ன, மெஷினுக்குப் புரியும் பாஷையை நாம் மனப்பாடம் செய்ய வேண்டும். வலது கையில் மவுஸ், இடது கை கீபோர்டில் தடதடவென்று ஒற்றை எழுத்துக் கட்டளைகள்... கைதேர்ந்த டிராஃப்ட்ஸ்மேன் வேலை செய்வதைப் பார்த்தால் தபலா கச்சேரி மாதிரி இருக்கும். 1986-ல் இதற்குள் 'ஆட்டோலிஸ்ப்' வந்தது. அதன் தாய்மொழியான 'லிஸ்ப்' எதற்காகப் பிறந்தது தெரியுமா? செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்காக! ஆக, ஏஐ-யின் ரத்தம் டிசைன் சாஃப்ட்வேரில் ரொம்ப நாளாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

நடுவே 1997 வாக்கில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு பேப்பர் கிளிப் வந்து, 'லெட்டர் எழுதறீங்க போலிருக்கே, உதவட்டுமா?' என்று உயிரை எடுத்தது நினைவிருக்கிறதா? உலகமே சேர்ந்து விரட்டியது. 'அசிஸ்டென்ட்' என்ற சொல்லுக்கே கெட்ட பெயர்!

அந்தக் கெட்ட பெயர் துடைக்கப்பட்டது 2022 நவம்பரில், சாட்ஜிபிடி வந்த பிறகு. அப்புறம் நடந்ததெல்லாம் மளமள. 2023 டிசம்பரில் 'ஸூ' என்கிற கம்பெனி, வாக்கியத்தைக் கொடுத்தால் முப்பரிமாண மாடலைத் தரும் வசதியை வெளியிட்டது. 2024-ல் ஆட்டோகேட்டுக்குள் ஒரு அசிஸ்டென்ட் உட்கார்ந்துகொண்டு சந்தேகங்களுக்குப் பதில் சொன்னது. 2025 பிப்ரவரியில் சாலிட்வொர்க்ஸ்காரர்கள் 'ஆரா'வை அறிமுகப்படுத்தினார்கள்.

'அந்த கமாண்ட் எந்த மெனுவுல இருக்கு?' என்று தேடி அலையும் வேலைக்கும், ஒரே மாதிரி ஐம்பது டிராயிங் ஷீட்டுக்குப் பெயர் போடும் வேலைக்கும் இவை உண்மையிலேயே வரப்பிரசாதம். சிக்கல், வடிவத்தைப் பற்றிப் பேசும்போதுதான். 'நாலு ஓட்டை போடு' என்கிறீர்கள். எங்கே? விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி? முழுசாக ஊடுருவும் ஓட்டையா, பாதியில் நிற்பதா? போல்ட்டுக்கு எவ்வளவு இடைவெளி? பேச்சில் நாம் இதையெல்லாம் விழுங்கிவிடுவோம். கோட்டில் விழுங்க முடியாது, அங்கே நம்பர் போட்டே ஆக வேண்டும். நீங்கள் விழுங்கியதை அசிஸ்டென்ட் தானாக இட்டு நிரப்பும். சரியாகவும் நிரப்பலாம், தப்பாகவும் நிரப்பலாம். இரண்டையுமே ஒரே தெம்போடு சொல்லும்! போல்ட் அந்த நாற்காலியில் ஏன் விரலை நீட்டினார் என்று இப்போது புரிகிறதா?

'ஒரு ஓட்டை தப்பானால் என்ன, திருத்திக்கலாமே' என்கிறீர்களா? 1981 ஜூலை 17. கன்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கீழே ஹாலில் நடனம். மேலே இரும்புக் கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள், நாலாவது மாடிப் பாலத்துக்கு நேர்கீழே இரண்டாவது மாடிப் பாலம். ஒரே நீளக் கம்பியில் இரண்டும் தனித்தனியாகத் தொங்குவதாகத்தான் முதல் டிசைன். ஆனால், அவ்வளவு நீளத்துக்கு மரை போட்டு நட்டை ஏற்றுவது தொல்லை. அதனால் கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் பாலம் கூரையில் தொங்கும், கீழ்ப் பாலம் மேல் பாலத்தில் தொங்கும்.

சின்ன மாற்றம்தானே? ஒரே கயிற்றை இரண்டு பேர் பிடித்துத் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவரவர் கை அவரவர் எடையைத் தாங்கும். இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால்? மேலே இருப்பவரின் கைக்கு இரண்டு மடங்கு பாரம்! முதல் டிசைனே சட்டப்படி தேவையான பலத்தில் சுமார் 60 சதவிகிதம்தான் இருந்தது; மாற்றத்துக்குப் பிறகு சுமார் 30. அன்று மாலை இரண்டு பாலங்களும் சரிந்தன. 114 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் ஒரு விசித்திரம். இந்த மாற்றத்தைப் பற்றி போனில் பேசி ஒப்புதல் வாங்கினோம் என்றது இரும்பு வேலை செய்த தரப்பு. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றது இன்ஜினீயர் தரப்பு. பேச்சு காற்றோடு போய்விட்டது. மிஞ்சியது டிராயிங், அதன்மேல் இன்ஜினீயரின் முத்திரை. கடைசியில் இரண்டு இன்ஜினீயர்கள் லைசென்ஸை இழந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் இன்ஜினீயர் சமீபத்தில் ஒரு மெஷின் கவரை அசிஸ்டென்ட்டிடம் பேசிப் பேசியே உருவாக்கிக் காட்டினார். அரை நாள் வேலை, அரை மணியில் முடிந்ததாம். டிராயிங்கை பிரின்ட் எடுத்தார். வலது பக்க மூலையில் வழக்கமான அந்தக் கட்டங்கள்... வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர்.

"முதல் கட்டத்துல யார் பேரைப் போட்டீங்க சார்?" என்று கேட்டேன்.

"என் பேரைத்தான்" என்றார், சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு அளவையும் டிக் அடித்துக்கொண்டே. "வேற யார் பேரைப் போடறது?"