பாலும் பழமும் - கிளிக்குஞ்சுக்கு நாம ஊட்டின கதை

கிளி வளர்க்கிற வீட்ல போய் "என்னங்க சாப்பாடு போடறீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. பால்சோறு, பச்சை மிளகாய், கோவைப்பழம்னு மடமடன்னு பதில் வரும். இதுல எது சரி, எது தப்பு, எப்போ தெரிஞ்சுகிட்டோம்னு நோண்டினதுல கிடைச்ச சங்கதிதான் இந்தப் பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க :)

சங்க காலத்துலேருந்தே ஆரம்பிக்கலாம். அப்போ தினைப்புனத்துக்கு கிளி ஒரு திருடன். பரண் மேல உட்கார்ந்து தட்டை, குளிர், கவண்னு கருவிகளை வெச்சு பெண்கள் கிளி விரட்டற காட்சி குறிஞ்சிப் பாடல்கள்ல எக்கச்சக்கம். நம்ம வள்ளி பார்த்த வேலையும் அதேதான். ஆக, வளர்ந்த கிளி கதிரும் பழமும் தின்னும்னு ரெண்டாயிரம் வருஷமா நமக்குத் தெரியும். ஆனா மரப்பொந்துக்குள்ள கண்ணு திறக்காத குஞ்சுக்கு தாய் என்ன ஊட்டுதுன்னு யார் எட்டிப் பார்த்தா?

மிளகாய் இந்தக் கதைக்குள்ள லேட்டா வந்த ஆசாமி. அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16-ம் நூற்றாண்டு வாக்குல போர்ச்சுகீசியர் மூலமா இந்தியா வந்தது. அதனால கிளி - மிளகாய் ஜோடிக்கு மிஞ்சிப்போனா 500 வயசு. பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது. ஏன்னு 2002-ல டேவிட் ஜூலியஸ் குழு காட்டினாங்க (2021-ல நோபல் வாங்கினாரே, அவர்தான்). ஸோ, பெரிய கிளிக்கு மிளகாய் பிரச்சினை இல்லை.

பால்தான் வில்லன். பறவைகள் பாலூட்டிகள் இல்லை. பால்ல இருக்கற லாக்டோஸை ஜீரணிக்கிற சக்தி கிளிக்குக் கிடையாது. பாசமா ஊட்டற பால்சோறு, குஞ்சுக்கு வயித்துப்போக்குல போய் முடியும்.

சென்னைக்காரங்களுக்கு பறவை வாங்கற இடம் ரொம்ப காலம் மூர் மார்க்கெட். பக்கத்துலேயே பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலை. 1855-ல எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் மியூசியத்துல ஆரம்பிச்சு, அப்புறம் அங்கே வந்தது. 1985 மே மாசம் மூர் மார்க்கெட் எரிஞ்சுது. அதே வருஷம் ஜூலையில எங்க வண்டலூர்ல புதுப் பூங்கா திறந்தாங்க.

அடுத்த வருஷம், 1986-ல, கலிஃபோர்னியாவோட டேவிஸ் பல்கலைக்கழகத்துல ரௌடிபுஷ், கிராவ்னு ரெண்டு பேர் முக்கியமான ஆய்வு ஒண்ணை வெளியிட்டாங்க. காக்கடீல்ங்கிற ஆஸ்திரேலியக் கிளியோட குஞ்சுகளுக்கு கையால ஊட்டி, எவ்வளவு தண்ணி, எவ்வளவு புரதம் வேணும்னு அளந்து பார்த்தாங்க. முதல் சில நாள் தண்ணியா, பிறகு கெட்டியா. புரதம் 20 சதவீதம் இருந்தா நல்ல வளர்ச்சி. இதுல ஒரு ஆச்சரியம். நம்ம ஊர் கடலை மாவுலயும் புரதம் ஏறக்குறைய அவ்வளவுதான்! ஆனா அதுல கால்சியமும் வைட்டமின் ஏ-வும் குறைவு. அதை மட்டுமே தின்னு வளர்ற குஞ்சுக்கு கால் வளைஞ்சிடும். நொய்க் கஞ்சின்னா புரதமும் போச்சு.

சூடும் முக்கியம். கூழ் 39-லேருந்து 41 டிகிரி செல்சியஸ் இருக்கணும். அதிகமானா தீனிப்பை வெந்துடும், ஆறிப்போனா உள்ளேயே தேங்கிப் புளிச்சுடும். அவசரமா ஊட்டினா மூச்சுக்குழாய்க்குள்ள போய் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது ஊட்டலை நிறுத்தறது. பறக்கற வயசு வந்ததும் குஞ்சு தானாவே சாப்பாட்டைக் குறைக்கும், எடையும் கொஞ்சம் இறங்கும். "சரி, பழகிடுச்சு"ன்னு ஊட்டறதை உடனே நிறுத்தறதுதான் பெரிய ஆபத்து. காட்டுல கூட்டை விட்டு வெளியே வந்த பிறகும் தாய் தகப்பன் கொஞ்ச நாள் ஊட்டத்தான் செய்யும். அதனால ஊறவெச்ச தானியம், முளைகட்டின பயறு, கேரட், முருங்கைக்கீரை எல்லாம் பக்கத்துல வெச்சுட்டு, தினமும் காலையில வெறும் வயித்துல எடை பார்த்து, கேட்கும்போது ஊட்டணும். டெட்லைன் போட்டு ரிலீஸ் பண்றதெல்லாம் நம்ம ஆபீஸோட போகட்டும்.

ஒண்ணு கவனிங்க. இதெல்லாம் காக்கடீல், லவ் பேர்ட்ஸ் மாதிரி வெளிநாட்டுப் பறவைகளுக்கு. நம்ம பச்சைக்கிளி 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. 2022 திருத்தத்துல இரண்டாம் அட்டவணைக்கே போயிடுச்சு. பிடிக்கிறது, விக்கிறது, வீட்ல வெச்சிருக்கிறது எல்லாமே குற்றம்.

வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் பழைய மரம் சாயும்போது பொந்துல குஞ்சு இருக்கலாம். கிடைச்சா முதல்ல கதகதப்பா வைங்க. குளிர்ந்து கிடக்கற குஞ்சுக்கு எதை ஊட்டினாலும் செரிக்காது. பொந்து நல்லா இருந்தா திரும்ப வெச்சிடுங்க. மனுஷன் தொட்டா தாய் சேர்க்காதுங்கிறது கட்டுக்கதை. பொந்து போயிடுச்சுன்னா வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க கிளிக்கு என்ன ஊட்டினாங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்கா.

டிஸ்கி: "கிளியை வளர்த்து பூனை கையில கொடுத்த மாதிரி"ன்னு சொல்வாங்க இல்லையா? பால் கிண்ணத்தைப் பூனைக்கும் வைக்காதீங்க. வளர்ந்த பூனைகள் பலதுக்கும் அது செரிக்காதாம் ;)